திருமலை வாத்தியாரும் நாலு எசமான்மாரும்

திருகோணமலைக்கு வந்த வெள்ளைக்காரர் எவரும் பள்ளிக்கூடம் கட்ட வரவில்லை. எல்லாரும் துறைமுகத்துக்கு வந்தவர்கள். கடலில் ஆழம் பார்த்தார்கள், காற்று ஒதுங்கும் மூலை பார்த்தார்கள், மலையில் பீரங்கி ஏற்ற வாட்டமான இடம் பார்த்தார்கள். அந்த வேலையெல்லாம் முடிந்து பின்னேரத்தில் பொழுது போகாமல் இருந்தபோதுதான், சரி, இந்தச் சனங்களின் ஆன்மாவையும் ஒரு கை பார்த்துவிடுவோம் என்று பள்ளிக்கூடம் திறந்தார்கள். அப்போது தொடங்கியது வாத்தியாரின் கஷ்டகாலம்.

போர்த்துக்கேயரை இந்தக் குற்றச்சாட்டிலிருந்து ஓரளவு விடுவித்துவிடலாம். 1620களில் கொன்ஸ்தந்தீனு த சா என்ற தளபதி வந்து கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லை வைத்தே கோட்டை கட்டினார். கல்விக் கொள்கை என்று தனியாக எதுவும் எழுதி வைக்கவில்லை. பரீட்சையும் இல்லை, பெறுபேறும் இல்லை.

ஒல்லாந்தர் அப்படியல்ல. அவர்கள் வியாபாரிகள். எதையும் கணக்கில் எழுதாவிட்டால் அவர்களுக்கு நித்திரை வராது. தாங்கள் பிடித்த கரையோரம் முழுவதும் புரட்டஸ்தாந்துப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். தேவாலயமும் அதுதான், பள்ளிக்கூடமும் அதுதான், பதிவுக் கந்தோரும் அதுதான். வாத்தியார் காலையில் பிள்ளைகளுக்கு வேத வினாவிடை சொல்லிக் கொடுப்பார். பிறகு பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டைத் திறந்து யாருக்கு ஞானஸ்நானம், யாருக்குக் கல்யாணம் என்று எழுதுவார். பிரசங்கி வராத ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கத்தை வாசிக்கிற வேலையும் அவர் தலையில்தான் விழும். பிள்ளையை அனுப்பாத தகப்பனுக்குக் குற்றப்பணம். தோம்பில் பெயர் இல்லாதவன் தகப்பன் காணியைக் கேட்டு வந்தால், 'நீ யார் மகன் என்பதற்கு என்ன அத்தாட்சி?' என்ற கேள்வி வரும்.

ஆகவே அரசாங்கப் பள்ளிக்கூடமா, சமயப் பள்ளிக்கூடமா என்ற சண்டைக்கு ஒல்லாந்தர் காலத்தில் இடமே இருக்கவில்லை. இரண்டும் ஒரே ஓலைக்கூரைக்குக் கீழே இருந்தன. சனங்களும் நிலைமையை விளங்கிக்கொண்டு, தோம்பில் கிறிஸ்தவராகவும் வீட்டில் சைவராகவும் நிம்மதியாக வாழ்ந்தார்கள். இது வாத்தியாருக்குத் தெரியாததல்ல. பலவேளை அவரே அந்த ரகம்தான். 1795இல் இங்கிலீசுக்காரர் வந்து கோட்டையைப் பிடித்து, சமய விஷயத்தில் இனிக் கட்டாயமில்லை என்று காட்டிக்கொண்டதும், ஒல்லாந்தர் நூற்றைம்பது வருடமாகச் சேர்த்து எழுதிய கிறிஸ்தவர்களில் பெரும்பகுதி வெயிலில் வைத்த கற்பூரம் போலக் காணாமற் போனது. புத்தகம் மட்டும் மிஞ்சியது. இப்படியாக வாத்தியாரின் முதல் எசமானான ஒல்லாந்தக் கும்பனி கப்பலேறியது.

இங்கிலீசுக்காரருக்குப் பள்ளிக்கூடம் என்றால் செலவு. தேசாதிபதி நோர்த் ஒல்லாந்தர் விட்டுப்போன பள்ளிகளை மறுபடி தூசு தட்டி நடத்தப் பார்த்தார். 1803இல் லண்டன் கையைச் சுருக்கிவிட்டது. சம்பளமில்லாத வாத்தியார் தோம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடற்கரையைப் பார்த்து நின்றார். 1814இல் காலியில் வந்து இறங்கிய வெஸ்லியன் மிஷனரிமார் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று பிரிந்து போய், பிறகு திருமலைப் பக்கமும் எட்டிப் பார்த்தார்கள். அரசாங்கத்துக்கு அப்பாடா என்று இருந்தது. பிள்ளைகளைப் படிப்பிக்கிற பாவத்தை வேறு யாரோ சுமக்க முன்வந்துவிட்டார்களே! 1869இல் ஒரு திணைக்களத்தைத் திறந்து, 'நீங்கள் நடத்துங்கள், நாங்கள் உதவிப்பணம் தருகிறோம்' என்றார்கள். பெறுபேற்றுக்கு ஏற்ற கொடுப்பனவு என்பது திட்டத்தின் பெயர். வருடத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளை வாசிக்கச் சொல்வார், கணக்குக் கேட்பார். தேறிய தலைக்கு இவ்வளவு காசு.

கருவாடு காயும் ஊரில் இந்தத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். கரைவலைக் காலத்தில் பொடியன் படிப்புக்கா போவான், பாட்டுக்கா போவான்? இன்ஸ்பெக்டர் வரும் நாளில் வாத்தியார் விடியவே எழும்பிக் குடிசை குடிசையாகப் போய், 'தம்பி, இண்டைக்கு மட்டும் வா ராசா' என்று கெஞ்ச வேண்டும். பிள்ளை தேறினால் காசு மிஷனுக்கு. தேறாவிட்டால் ஏச்சு வாத்தியாருக்கு. வேதபாடத்துக்கு அரசாங்கம் ஒரு சதமும் கொடுக்கவில்லை. அதைப் படிப்பிக்கக்கூடாது என்றும் சொல்லவில்லை. கணக்குக்குக் கிடைத்த காசில் வேதம் நடந்தது.

சைவருக்கு ரோசம் இதற்கு முன்பே வந்துவிட்டது. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் 1848இலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். அதற்கு அரசாங்கத்தின் உதவிப்பணம் வந்து சேர இருபது வருடத்துக்கு மேலாயிற்று. நாவலர் படித்ததும் படிப்பித்ததும் வெஸ்லியன் பள்ளிக்கூடத்தில். பார்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்கிய கைதான் பிறகு மிஷனரிமாரைக் கண்டித்துத் துண்டுப்பிரசுரம் எழுதியது. மிஷன் பள்ளிகளின் தலைசிறந்த பெறுபேறு எது என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருந்தால் நேர்மையான பதில் இதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இதற்குத் தலைக்கு எவ்வளவு என்று விதிப்புத்தகத்தில் இல்லை.

1890களில் வந்த கால் மைல் விதி இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். ஏற்கெனவே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிற இடத்திலிருந்து கால் மைலுக்குள் இன்னொன்று கட்டினால் உதவிப்பணம் கிடையாது என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதலில் வந்து சந்தியில் குந்தியவர்கள் மிஷனரிமார். பிந்தி வந்த சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் காட்டுக்குள் போக வேண்டும். திருமலைப் பட்டினத்தில் காடும் கிடையாது. ஒரு பக்கம் பின்குடா, மறுபக்கம் உள்துறைமுகம், நடுவில் ஒரு ஒடுக்கமான கழுத்து. நிலஅளவையாளர் சங்கிலியை இரண்டு தரம் இழுத்தால் கடலுக்குள் விழுவார். இன்றைக்கு இந்த ஊரில் புனித சூசையப்பர் கல்லூரி, புனித மரியாள் கல்லூரி, மெதடிஸ்த பெண்கள் கல்லூரி, இந்துக் கல்லூரி, சண்முகா இந்து மகளிர் கல்லூரி எல்லாம் ஒன்றின் மணி மற்றதற்குக் கேட்கிற தூரத்தில் நிற்பதைப் பார்த்தால், திருமலையார் விதியை மதித்தார்களா, வளைத்தார்களா என்று தெரியும்.

இந்துக் கல்லூரி 1897இல் தொடங்கியது. தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற அம்மையார் 1923இல் பெண்பிள்ளைகளுக்கென்று ஒன்றைத் தொடங்கினார். ஆம்பிளைகள் கால் மைலை அளந்துகொண்டு நின்றபோது ஒரு பொம்பிளை போய்ப் பள்ளிக்கூடத்தையே திறந்துவிட்டார் என்பதை ஊர் இன்னும் போதிய அளவு கொண்டாடவில்லை என்பது என் கருத்து. 1925இல் விபுலானந்த அடிகள் வந்து இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண மிஷனின் கீழ் கொண்டுவந்தார். அடிகளின் படிப்பு எங்கே என்று பார்த்தால், முதலில் கல்முனையில் மெதடிஸ்த பள்ளிக்கூடம், பிறகு மட்டக்களப்பில் கத்தோலிக்கப் புனித மிக்கேல். விஞ்ஞானம் படிப்பித்ததோ யாழ்ப்பாணம் புனித பத்திரிசியாரில். அங்கே மயில்வாகனன் மாஸ்டர் என்ற பெயரில் இரசாயனம் சொல்லிக் கொடுத்தவர் காவி உடுத்து வந்து கிழக்கு மாகாணத்தில் இந்துப் பள்ளிகளை வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொரு சமயமும் தன் போட்டிக்காரனை இலவசமாகப் பயிற்றுவித்து அனுப்பியிருக்கிறது.

இனி இரண்டாவது எசமான். அவர் பெயர் மனேஜர். உதவி பெறும் பள்ளிக்கூடத்தின் முழு அதிகாரமும் அவரிடம். நியமிப்பது, மாற்றுவது, நிற்பாட்டுவது எல்லாம் அவர். கத்தோலிக்கப் பக்கம் முதலில் பிரான்சு தேசத்து யேசு சபையார், இரண்டாம் உலகப் போரை ஒட்டி அமெரிக்காவின் நியூ ஓர்லீன்ஸ் மாகாணத்து யேசு சபையார். அந்தச் சபையைச் சேர்ந்த இக்னேஷியஸ் கிளெனி 1947 முதல் திருகோணமலை ஆயர். இந்துப் பக்கம் இராமகிருஷ்ண மிஷன். இரண்டு இடத்திலும் மனேஜரைச் 'சுவாமி' என்றே கூப்பிடலாம் என்பது வாத்தியாருக்கு ஒரு வசதி. வேலை மாறினாலும் நாக்குத் தடுமாறாது.

நல்ல மனேஜர்கள் இருந்தார்கள். வெயிலில் நின்று கூடைப்பந்து பழக்கிய அமெரிக்கப் பாதிரிமாரை இன்றும் கிழவர்கள் கண் கலங்கி நினைப்பார்கள். நான் சொல்வது கதிரையைப் பற்றி. அந்தக் கதிரையில் ஒரு மகான் இருந்தாலும், வாத்தியாரின் அடுப்பு எரிவது அந்த மகானின் மனநிலையைப் பொறுத்தது. திருவிழாவுக்கு வந்தாரா, பூசையில் முன்வரிசையில் நின்றாரா, மகளை யாருக்குக் கட்டிக் கொடுத்தார் என்பதெல்லாம் சேவைப் பதிவேட்டில் எழுதப்படாமல் எழுதப்பட்டிருக்கும்.

இந்தப் பயத்தில்தான் சங்கம் பிறந்தது. 1920களில் அகில இலங்கை ஆசிரியர் ஒன்றியம் தலையெடுத்தபோது அது மிகவும் மரியாதையான சங்கம். அதிபர்மாரும் அதில் இருந்தார்கள். வருடாந்த மாநாட்டில் கோட்டும் சூட்டுமாக வந்து தீர்மானம் நிறைவேற்றிவிட்டுத் தேநீர் குடிப்பார்கள். தமிழில் படிப்பிக்கிற வாத்தியாருக்குச் சம்பளம் இங்கிலீசு வாத்தியாரின் சம்பளத்தில் ஒரு துண்டு. அவருக்கு அந்தத் தேநீரும் தூரத்து வாசம்தான். வடக்கில் ஹண்டி பேரின்பநாயகம் போன்ற ஆட்கள் ஆசிரியர் இயக்கத்துக்குக் கொஞ்சம் உறைப்பு ஏற்றினார்கள். யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசை நடத்தியவர், ஹண்டி என்ற கிறிஸ்தவப் பெயரை வைத்துக்கொண்டே கொக்குவில் இந்துக் கல்லூரிக்கு அதிபராக இருந்தவர். எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காத மனிதர்.

திருமலையில் 1950 வாக்கில் இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கும் என்று கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். சுவாமி அமெரிக்கர். புத்தகத் தமிழ் படித்தவர்.

"மாஸ்டர், நீங்கள் சங்கக் கூட்டத்திற்குச் சென்றதாக அறிந்தேன்."

"ஓம் சுவாமி. தேத்தண்ணி குடிக்கத்தான் போனனான்."

"அங்கே என்ன விவாதித்தார்கள்?"

"தேத்தண்ணியில சீனி காணாது எண்டு கதைச்சவை, சுவாமி."

"சம்பளத்தைக் குறித்து ஒன்றும் பேசவில்லையா?"

"அதைத்தானே சுவாமி சொல்லுறன், சீனி காணாது எண்டு."

கொஞ்சம் பின்னுக்குப் போனால், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் வந்து துறைமுகத்தில் குண்டு போட்டான். அன்றைக்கு மட்டும் கத்தோலிக்கரும் சைவரும் மெதடிஸ்தரும் முஸ்லிம்களும் ஒரே திசையில் ஓடினார்கள். சமய ஒற்றுமைக்காக ஒரு வெளிநாடு இவ்வளவு செலவு செய்தது அதற்கு முன் நடந்ததில்லை.

அதை அடுத்துக் கல்வி அமைச்சர் கன்னங்கரா வந்தார். அவருடைய விசேட குழு 1943இல் அறிக்கை கொடுத்தது, 1945 ஒக்டோபர் முதலாம் திகதி இலவசக் கல்வி தொடங்கியது. கத்தோலிக்கத் தலைமைக்கு வயிற்றைக் கலக்கியது. கட்டணம் வாங்காமல் பள்ளிக்கூடம் நடத்துவது எப்படி? அரசாங்கம் ஆசிரியர் சம்பளத்தைத் தானே கொடுக்கிறேன் என்றது. ஆள் எடுக்கிற அதிகாரம் மட்டும் மனேஜரிடமே இருந்தது. வேதப் புத்தகம் படித்தவர்களுக்கு விளங்குகிற கணக்கில் சொன்னால், சம்பளம் இராயனுடையது, நியமனம் தேவனுடையது. இரண்டு பேருக்கும் நடுவில் வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு இடாப்பு அடையாளமிட்டார்.

இந்த அதிசய ஏற்பாடு இலங்கைக்கு மட்டும் சொந்தமல்ல. கடலுக்கு அப்பால் கேரளத்திலும் இதே சங்கதி. 1957இல் நம்பூதிரிப்பாட்டின் கம்யூனிஸ்ட் அரசு கல்வி மசோதா கொண்டுவந்து, தனியார் பள்ளி ஆசிரியருக்கு அரசாங்கமே நேரடியாகச் சம்பளம் கொடுக்கும், மனேஜர் நினைத்தபாட்டுக்கு வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றது. கொண்டுவந்த அமைச்சர் ஜோசப் முண்டச்சேரி கத்தோலிக்கர், திருச்சூர் புனித தோமையார் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். திருச்சபையும் நாயர் சேவைச் சங்கமும் தோளோடு தோள் சேர்ந்து தெருவுக்கு வந்தன. 1959 யூலை 31இல் டெல்லி அந்த அரசையே கலைத்தது. வாத்தியாருக்குச் சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கப் போனால் முதலமைச்சருக்கு வேலை போகும் என்று தென்னாசியா கற்றுக்கொண்டது.

இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ அம்மையார் இந்தப் பாடத்தைக் கற்கவில்லை, அல்லது வேறு விதமாகக் கற்றார். கொழும்பு புனித பிரிஜெட் கன்னியர் மடத்தில் படித்தவர். அவருடைய கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத், கம்பளை சாஹிராக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். சமயப் பள்ளிக்கூடங்களை ஒழிக்க ஒரு கன்னியர் மடத்து மாணவியும் ஒரு முஸ்லிம் கல்லூரி அதிபரும் கூட்டுச் சேர்ந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மேலே நாவலரையும் அடிகளையும் பார்த்தோம் அல்லவா? 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி டிசம்பர் முதலாம் திகதி சுமார் 2500 பள்ளிகள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. பெரிய பள்ளிகள் வேண்டுமானால் தனியாராக நிற்கலாம், கட்டணம் மட்டும் வாங்கக் கூடாது. சாப்பிடலாம், வாய் திறக்கக் கூடாது என்ற மாதிரியான சலுகை. அடுத்த வருடத்து 8ஆம் இலக்கச் சட்டம் காணியையும் கட்டடத்தையும் சேர்த்து எடுத்தது. மூன்று வருடம் முந்தி, 1957 ஒக்டோபரில், இதே திருமலைத் துறைமுகத்தைப் பிரித்தானியக் கடற்படையிடமிருந்து பேசிப் பேசித் திருப்பி வாங்கினார்கள். கடற்படையிடம் காட்டிய பொறுமையைப் பாதிரிமாரிடம் காட்டவில்லை.

அதன்பின் நாடே குந்தத் தொடங்கியது. டிசம்பரிலும் ஜனவரியிலும் மேற்குக் கரையோரத்துக் கத்தோலிக்கத் தாய்தகப்பன்மார் பள்ளிக்கூடங்களுக்குள் புகுந்து, பாயும் தலையணையுமாகக் குந்திவிட்டார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து சமாதானம் பேசி எழுப்ப வேண்டியிருந்தது. அவர்கள் எழும்பிய சூடு ஆறுவதற்குள் பெப்ரவரியில் தமிழரசுக் கட்சியார் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் குந்தினார்கள். மார்ச்சில் திருகோணமலைக் கச்சேரி வாசலிலும் ஆட்கள் நிறைந்தார்கள். காரணம், 1961 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து நாடு முழுக்க நிர்வாகம் சிங்களத்தில் மட்டும்.

அந்த இரண்டு திகதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிசம்பர் ஒன்றில் திருமலைத் தமிழ் வாத்தியாருக்கு விடுதலை. முப்பது வருடமாக அவரும் சங்கமும் கேட்ட வரம் கிடைத்துவிட்டது. இனி மனேஜர் இல்லை, திருவிழாவுக்கு வருமாறு கட்டாயமில்லை. இடதுசாரிக் கட்சிகள் கைதட்டின. வாத்தியார் வீட்டில் பாயாசம். ஜனவரி ஒன்றில் புதிய எசமானின் மொழி வாசிக்கத் தெரியாத மொழியாகிவிட்டது. லத்தீனில் செபம் சொன்ன மனேஜராவது தமிழில் ஏசினார். போதாதென்று கச்சேரி வாசலை மறித்துக் குந்தியிருப்பவர்களில் அவர் மைத்துனரும் ஒருவர். வாத்தியாரும் போய்க் குந்தலாம்தான். ஆனால் சம்பளம் வருகிற அரசாங்கத்தின் வாசலைத் தானே மறித்தால் மாதக் கடைசியில் அரிசிக்கடைக்காரனுக்கு என்ன சொல்வது? ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் வந்து குந்தியவர்களை எழுப்பி, வாத்தியாரை அந்தச் சங்கடத்திலிருந்து காப்பாற்றியது.

மூன்றாவது எசமானை அரசாங்கம் என்று சொன்னால் சரியாகாது. அரசாங்கத்துக்கு முகமில்லை. முகமுள்ளவர் எம்.பி. மனேஜரிடம் இருந்த அதிகாரம் கொழும்புக்குப் போய், ஒரு துண்டுக் கடிதமாக மடிந்து, எம்.பி.யின் சட்டைப் பையில் திரும்பி வந்தது. முன்பு பூசையில் முன்வரிசையில் நின்றவர் இப்போது தேர்தல் கூட்டத்தில் முன்வரிசையில் நின்றார். ஆளும் கட்சிக்காரரின் சொந்தக்காரருக்குப் பட்டினத்துப் பள்ளிக்கூடம். மற்றவருக்குக் கஷ்டப் பிரதேசம். கஷ்டப் பிரதேசம் என்றால் மூதூருக்கு லாஞ்சு, கிண்ணியாவுக்கு மிதவைப் பாதை. கொட்டியாரக் குடாவும் தம்பலகாமக் குடாவும் சேருகிற அந்தத் துறையில் பாதைக்குக் காத்து நின்றே தலை நரைத்த ரீச்சர்மார் எத்தனையோ பேர். 2009இல்தான் கிண்ணியாப் பாலம் திறந்தது. அதற்குள் பலர் ஓய்வூதியம் எடுத்துவிட்டார்கள். இந்த ஆசிரியர்களுடைய துயரைப் பற்றிப் பேசும்போது மூதூர், கிண்ணியாப் பிள்ளைகளுக்கு நூறு வருடமாக வாத்தியார் கிடைக்காத துயரையும் சேர்த்தே பேச வேண்டும். பட்டினத்தார் அதை வசதியாக மறப்பார்கள். பதியுதீன் மஹ்மூத் 1970இல் மறுபடி கல்வி அமைச்சராக வந்து முஸ்லிம் பாடசாலைகளுக்கு ஆள் நியமித்த காலத்தை அங்கே பொற்காலம் என்பார்கள். பட்டினத்தில் அதே பெயரைச் சொன்னால் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தல் ஞாபகம் வந்து முகம் சுருங்கும்.

இதற்கிடையில் பல்கலைக்கழகச் சண்டை ஒன்றும் நடந்தது. திருமலையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று தமிழரசுக் கட்சி, யாழ்ப்பாணத்தில் இந்துப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று இன்னொரு கூட்டம். இவர்கள் பெயர்ப்பலகைக்கு அடிபட்டுக்கொண்டிருக்க, 1974இல் அரசாங்கம் யாழ்ப்பாணத்தில் இராமநாதனின் பரமேசுவரக் கல்லூரிக் கட்டடத்தில் ஒரு வளாகத்தைத் திறந்துவிட்டுப் போனது.

எண்பதுகளில் தொடங்கிய போரைப் பகிடிக்கு எடுக்க எனக்கு மனமில்லை. தாண்டிப் போகிறேன்.

சரி, பள்ளிகளெல்லாம் அரசாங்கத்தினுடையவை ஆகிவிட்டனவே, சமயம் போய்விட்டதா? அமைச்சின் முதலாம் ஆண்டு அனுமதிச் சுற்றுநிருபத்தை எடுத்து வாசியுங்கள். 1960, 61இல் சுவீகரித்த பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, சுவீகரித்த நாளில் எந்தச் சமயத்துப் பிள்ளைகள் எந்த விகிதத்தில் இருந்தார்களோ அதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. அரசாங்கம் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டது, மதக் கணக்கைப் பெட்டியோடு பத்திரமாக வைத்திருக்கிறது. நாலரை வயதுப் பிள்ளை தன் பாட்டன் காலத்து விகிதாசாரத்துக்குள் பொருந்தி வர வேண்டும். அது போதாதென்று அயலில் வசிப்பவருக்குப் பெரும்பங்கு இடம், வீட்டுக்குக் கிட்ட வேறு பள்ளிக்கூடங்கள் இருந்தால் புள்ளி வெட்டு. கால் மைல் விதியை ஒழித்துவிட்டோம் என்று நினைத்தவர்கள் மின்சாரப் பட்டியலும் வாக்காளர் இடாப்புப் பிரதியும் கையில் பிடித்தபடி நேர்முகத்துக்கு நிற்கிறார்கள். முன்பு பள்ளிக்கூடம் மற்றப் பள்ளிக்கூடத்திலிருந்து தள்ளி நின்றது. இப்போது தகப்பன் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட வீடு வாடகைக்கு எடுக்கிறான்.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக்காலத்தைப் பார்த்து வேறு தவணை. அரசாங்கம் ஒன்று, பள்ளிக்கூட நாட்காட்டி இரண்டு. பிரிவேனாவில் படிக்கிற சின்னத் துறவிக்கும் அரசாங்கச் செலவுதான். இதில் எனக்கு முறைப்பாடு இல்லை. நாங்கள் அரச பாடசாலை என்று சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்று மட்டும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்ளாமல் இருந்தால் நல்லது. 2018 ஏப்ரலில் சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா உடுத்து வரலாமா என்று தெருவில் பதாகை ஏறியது. மனித உரிமை ஆணைக்குழு, நீதிமன்றம் என்று போய், 2022 பெப்ரவரியில் மறுபடி வெடித்தது. ஒரு பக்கம், இது எங்கள் பாட்டி கட்டிய இந்துப் பள்ளிக்கூடம் என்றது. மறுபக்கம், இது அரசாங்கம் சம்பளம் கொடுக்கிற பள்ளிக்கூடம் என்றது. இரண்டும் உண்மை என்பதுதான் வில்லங்கம். அந்த வில்லங்கத்தை 1961இல் சட்டம் எழுதியவர்கள் தீர்க்காமலே கையெழுத்து வைத்தார்கள். ஏச்சு வாங்கியதோ வகுப்பறையில் நின்ற ரீச்சர்மார்.

இந்த இடத்தில் சங்கம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். எந்தச் சங்கம் என்று நான் திருப்பிக் கேட்பேன். இலங்கை ஆசிரியர் சங்கம் இருக்கிறது. இலங்கைத் தமிழர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது. இஸ்லாமிய ஆசிரியர் சங்கம் இருக்கிறது. கட்சிகளின் சங்கங்கள் வேறு. பள்ளிக்கூடங்களை அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டு, சமயத்தையும் இனத்தையும் எடுத்துச் சங்கத்துக்குள் வைத்துக்கொண்டோம். தலைப்பில் எண்ணிய நாலாவது எசமான் இந்தச் சங்கம்தான். சந்தா சம்பளப் பட்டியலிலேயே கழியும். கூட்டத்துக்கு வராவிட்டால் இடமாற்றச் சபையில் உங்கள் பெயரைப் பேச ஆள் இருக்காது. பழைய மனேஜர் சிரித்திருப்பார்.

ஆனாலும் எசமான்மாரில் இவர் கொஞ்சம் நல்லவர். 2021 யூலை 12 முதல் ஒக்டோபர் வரை இணையவழிப் படிப்பிப்பை நிறுத்தி நடத்திய வேலைநிறுத்தத்தில் எல்லாச் சங்கமும் ஒரு கயிற்றைப் பிடித்தன. 1997இலிருந்து இழுபட்ட சம்பள முரண்பாட்டில் ஒரு பகுதியாவது அசைந்தது. பிள்ளைகளின் படிப்புக் கெட்டது என்றார்கள். கெட்டதுதான். நிலாவெளியில் தென்னையில் ஏறி சிக்னல் பிடித்த பிள்ளைகளுக்கு அதற்கு முந்தியும் பெரிதாக நடக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். போராட்டத்தின் முகமாக இருந்தவர் இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின். பெயரின் முன்பாதி சூசையப்பர் கல்லூரி வாசலில் நிற்கிறது, பின்பாதி செங்கொடி பிடிக்கிறது. மிஷனும் சங்கமும் ஒரே பிறப்புச் சான்றிதழில் சமாதானமாகிவிட்டன. 2022 ஓகஸ்டில் அரசாங்கம் அவரைப் பிடித்து அடைத்து, சில நாளில் பிணையில் விட்டது.

வருடக் கடைசியில் இடமாற்றப் பட்டியல் வரும். அன்றைக்கு வலயக் கல்விக் கந்தோரின் மரத்தடியில் எல்லாச் சங்கத்துச் செயலாளர்மாரும் நிற்பார்கள். கையில் கோவை, கக்கத்தில் குடை. ஒருவர் தமிழர் சங்கம், ஒருவர் இஸ்லாமியர் சங்கம், இன்னொருவர் எல்லாருக்குமான சங்கம். மூன்று பேரும் ஒன்றாகப் படித்தவர்கள், அதுவும் பாதர்மாரின் பள்ளிக்கூடத்தில். பட்டினத்தில் ஒரே வெற்றிடம். அதற்கு மூன்று பேரிடமும் ஒவ்வொரு ரீச்சரின் பெயர் இருக்கும். கதவு திறக்கும். பியோன் வெளியே வந்து மூவரையும் மாறி மாறிப் பார்ப்பான்.

"சேர் மீட்டிங்கில. எம்.பி. வந்திருக்கிறார்."